வீட்டுத் தொட்டிக்கு எந்த வேட்டை மீன்? ஆஸ்கர் முதல் விரால் வரை

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஒரு சுற்று வந்தால் ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், வெள்ளி அரோவானா, ரெட் டெயில் கேட்ஃபிஷ், அலிகேட்டர் கார் என்று எல்லாக் குட்டிகளையும் அடுத்தடுத்த தொட்டிகளில் பார்த்துவிடலாம். எல்லாம் மூன்று நான்கு அங்குலம். பாலிதீன் பையில் ஆக்ஸிஜன் அடைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, வண்டியில் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். வாங்குகிறவர் கண்ணுக்கு நிறமும் வடிவமும்தான் வித்தியாசம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ஒன்று ஒரு அடியில் நின்றிருக்கும், ஒன்று இரண்டு அடியைத் தாண்டியிருக்கும், இன்னொன்று அதற்கு மேலும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

"தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் மீன் வளரும்" என்று சொல்லி விற்பவர்கள் இன்றும் உண்டு. நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் பெரிய மீனின் வளர்ச்சி குன்றுவது உண்மைதான். ஆனால் மீன் இடத்தைப் பார்த்துத் தன்னை நிறுத்திக்கொள்வதில்லை. அதன் கழிவு அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே தேங்கி, திரும்பக்கூட இடமில்லாமல் உடல் கோணி, ஆயுளில் பாதியிலேயே போய்ச் சேர்கிறது. அதை வளர்ச்சிக் கட்டுப்பாடு என்று சொல்வது வியாபாரம்.

அதனால் எந்த மீன் அழகு என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வீட்டில் எத்தனை லிட்டர் தண்ணீரை நிறுத்த முடியும், வாராவாரம் எத்தனை லிட்டரை மாற்ற முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கு முடிந்தால் பட்டியலில் பாதி மீன்கள் தாமாகவே கழன்றுகொள்ளும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

வழக்கமாகச் செய்து கிடைக்கும் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்வோம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் விளிம்பு வரை 450 லிட்டர். 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி என்றால் 680 லிட்டர். 8 அடிக்கு 3 அடிக்கு இரண்டரை அடி என்றால் 1,700 லிட்டர். கடையில் "பெரிய தொட்டி" என்று காட்டும் 3 அடித் தொட்டி இந்தக் கட்டுரைக்குள்ளேயே வராது. அதில் வைக்கத் தகுந்த பெரிய வேட்டை மீன் எதுவும் இல்லை.

நீளத்தைப் பார்க்கிற அளவுக்கு யாரும் அகலத்தைப் பார்ப்பதில்லை. ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியை மலிவாக இருக்கிறதென்று வாங்குகிறார்கள். இரண்டு அடி மீன் அதில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உடலை மடக்க வேண்டும். உயரம் கண்ணுக்கு நன்றாக இருக்கும், மீனுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஒரே காசில் உயரமா அகலமா என்று கேட்டால் அகலத்தை எடுங்கள்.

அடுத்தது எடை. 680 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 680 கிலோ. கண்ணாடி, இரும்பு ஸ்டாண்ட், மணல், சம்ப் என்கிற அடி ஃபில்டர் தொட்டி எல்லாம் சேர்த்தால் முக்கால் டன்னைத் தாண்டிவிடும். இந்தியக் கட்டுமானத் தரவிதிகளில் குடியிருப்புத் தளத்துக்கு எடுத்துக்கொள்ளும் சுமை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. 6 அடித் தொட்டி நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சுவரோரம், பீம் போகும் திசைக்குக் குறுக்கே வைத்தால் சுமை பகிர்ந்துகொள்ளப்படும் என்பார்கள், சரிதான். ஆனால் மாடி வீட்டில் 6 அடித் தொட்டிக்கு மேல் யோசித்தால் மீன் கடைக்காரரைக் கேட்காதீர்கள், கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். 8 அடித் தொட்டிக்குத் தரைத்தளம்தான்.

இப்போது குடக்கணக்கு. வேட்டை மீன்கள் புரதம் நிறையத் தின்னும், அதனால் அம்மோனியாவும் நிறைய விடும். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் வெளியே போக முக்கிய வழி தண்ணீர் மாற்றுவது. வாரத்துக்கு 30 சதவீதம் என்று வைத்தால் 450 லிட்டர் தொட்டிக்கு 135 லிட்டர், அதாவது 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்பது குடம். 680 லிட்டருக்குப் பதினாலு குடம். 1,700 லிட்டருக்கு முப்பத்து நாலு குடம், ஒவ்வொரு வாரமும். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு சென்னையே லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றதை நினைத்துப் பார்த்துவிட்டு இந்த எண்ணைத் திரும்பப் படியுங்கள். கழித்த தண்ணீர் செடிகளுக்கு அருமையான உரம் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

கரண்ட்டைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அது அவ்வளவு மோசமில்லை. 60 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். மின்வாரியம் தரும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி மீனுக்குப் போய்விடும், அவ்வளவுதான். நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் செலவும் அநேகமாக இல்லை.

ஆனால் அந்த வெப்பத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும், 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம்தான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்ஸிஜன் தேவையோ கூடுகிறது. மே மாத மத்தியானம் மூன்று மணி நேரம் கரண்ட் போனால் பெரிய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் பாக்டீரியாவும் சாக ஆரம்பித்துவிடும். எந்த மீனை எடுத்தாலும் ஒரு ஏர் பம்ப்பை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள், அது தின்பது நாலைந்து வாட்தான். மின்வெட்டைத் தாங்குவதில் மீனுக்கு மீன் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கவே வேண்டாத இரண்டு

ரெட் டெயில் கேட்ஃபிஷ்: கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, சிவப்பு வால், நீள மீசை. குட்டியாக இருக்கும்போது இதைவிட அழகான கெளுத்தி கிடையாது. அமேசானில் நான்கு அடிக்கும் வளரும் இனம். முதல் ஒன்றரை வருடத்திலேயே இரண்டு அடியைத் தொட்டுவிடும். வாய்க்குள் போகிற எதையும் விழுங்கும். கூட இருக்கும் மீன் மட்டுமில்லை, கூழாங்கல், தெர்மோமீட்டர், ஃபில்டரின் பிளாஸ்டிக் மூடி, எல்லாமே. 1,700 லிட்டர்கூட இதற்குத் தற்காலிகத் தங்குமிடம்தான். சிமென்ட் குளம் கட்ட நிலம் இருப்பவர்கள் யோசிக்கலாம், மற்றவர்கள் கடையில் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடலாம்.

அலிகேட்டர் கார்: முதலை மூக்கு, வைரம்போல் கெட்டிச் செதில். 2011இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிடிபட்ட ஒன்று 8 அடி 5 அங்குலம், 148 கிலோ. சரி, தொட்டியில் அந்த அளவுக்கு வராது. ஆனால் வளைந்து கொடுக்காத உடல்வாகு என்பதால் மூன்று அடி மீனுக்கே நான்கடி அகலம் வேண்டும். பல பத்தாண்டுகள் வாழும் இனம் வேறு. வாங்குகிறவருடைய பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகும் அது இருக்கும்.

இந்த இரண்டிலும் எனக்குப் பெரிய கவலை தொட்டிக்கு வெளியே இருக்கிறது. இடம் போதாமல் போனதும் "பாவம், உயிரோடு விட்டுவிடலாம்" என்று ஏரியில் விடுகிறார்கள். 2023 மே மாதம் காஷ்மீரின் தால் ஏரியில் களை அள்ளும்போது அலிகேட்டர் கார் ஒன்று அகப்பட்டது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அராபைமா என்ற தென்னமெரிக்க ராட்சத மீனும் அலிகேட்டர் காரும் ஆற்றில் வலைகளில் விழுந்தன. ஜப்பான் 2018இல் கார் குடும்ப மீன்கள் மொத்தத்தையும் அந்நிய ஆக்கிரமிப்பு இனமாக அறிவித்து, புதிதாக வளர்ப்பதை நிறுத்தியது. நம் ஏரிகளில், தொட்டிகளிலிருந்து போய்ப் பெருகிவிட்ட சக்கர் மீன் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பார்க்கிறவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். பெரிதான மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைகளும் தயங்கும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்த இரண்டில் எதையும் தொடாதீர்கள்.

இடையில் ஒன்று. "பிரானா" என்று சொல்லி விற்கப்படும் சிவப்பு வயிற்று மீன் பெரும்பாலும் பாக்கு, நம் மீன் பண்ணைகளில் ரூப்சந்த் என்று சாப்பாட்டுக்கு வளர்க்கிறார்களே, அதுதான். அது பழமும் கொட்டையும் தின்னும் ஜாதி. வேட்டை மீன் ஆசையில் அதை வாங்கி, தட்டளவு வளர்ந்த பிறகு முழிப்பவர்கள் அதிகம்.

அரோவானா: கொஞ்சம் காசு, நிறைய மூடி

வெள்ளி அரோவானாவை வாஸ்து மீன் என்று வாங்குவோர் ஒருபக்கம், அதன் நடைக்காகவே வாங்குவோர் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. தண்ணீரின் மேல்மட்டத்தில், துடுப்பு அசைவதே தெரியாமல் அது போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழ்த்தாடையில் இரண்டு மீசை, மேல்நோக்கித் திறக்கும் வாய். அமேசானில் காடு வெள்ளத்தில் மூழ்கும் காலத்தில், தண்ணீருக்கு மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை எகிறிப் பிடித்துத் தின்னும் மீன் இது. அந்தப் பழக்கம் தொட்டியிலும் போகாது.

ஆகவே அரோவானா வளர்ப்பதென்பது பாதிக்குப் பாதி மூடியைப் பார்த்துக்கொள்கிற வேலை. மெல்லிய பிளாஸ்டிக் மூடியைத் தலையால் இடித்துத் தூக்கிவிடும். ஃபில்டர் குழாய் போக விட்ட இடைவெளி போதும், ராத்திரியில் தரையில் கிடக்கும். கனமான கண்ணாடி மூடி வேண்டும், அதன்மேல் பாரம் வேண்டும், குழாய் போகும் மூலையை வலை வைத்து அடைக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தை விளிம்பிலிருந்து நாலு அங்குலம் இறக்கி வைத்தால் மூக்கில் அடிபடுவதும் குறையும். விளக்கைச் சட்டென்று போடுவது, குழந்தைகள் கண்ணாடியில் தட்டுவது, இரண்டுமே குதிக்க வைக்கும்.

வளர்ந்தால் மூன்றடி வரும் மீன். வீட்டுத் தொட்டிகளில் இரண்டு இரண்டரை அடியோடு நிற்பது சகஜம். 6 அடிக்கு 2 அடி என்பது அதற்கு மட்டுமட்டுதான், இரண்டரை அடி அகலம் கிடைத்தால் நல்லது. குட்டியைப் பெரிய தொட்டி வரும்வரை 4 அடியில் வைக்கலாம், ஆனால் அந்த "வரும்வரை" ஒரு வருடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அவ்வளவு வேகமாக வளரும்.

தொட்டி அரோவானாக்களுக்குக் கண் கீழ்நோக்கி இறங்கிவிடுவது பழைய தலைவலி. கொழுப்புத் தீனி காரணம் என்று சிலர், எப்போதும் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பது காரணம் என்று சிலர். எது சரியென்று முடிவாகவில்லை. தீனியை மிதக்கிற மாதிரி கொடுப்பதிலும், தொட்டியைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் உயரமாக வைப்பதிலும் நட்டமில்லை.

தங்க நிறத்திலும் சிவப்பிலும் வரும் ஆசிய அரோவானா வேறு கதை. விலை ஒருபுறம், சட்டம் ஒருபுறம். 1975 முதல் சர்வதேச வனவுயிர் வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் சிப் பொருத்தி, சான்றிதழோடு வந்தால்தான் வெளிநாட்டு வணிகமே முறையானது. நம் நாட்டிலும் 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். "பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஆஸ்கரா, ஃப்ளவர்ஹார்னா?

பெரும்பாலான வீடுகளுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டும் ஒரு அடி மீன்கள், இரண்டும் சிக்லிட் குடும்பம், இரண்டும் பத்து வருடத்துக்கு மேல் வாழும், இரண்டும் தீனி கொடுக்கிறவரை அடையாளம் கண்டுகொண்டு கண்ணாடியருகே ஓடி வரும். ஆனால் குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆஸ்கர் தென்னமெரிக்க ஆறுகளின் மீன். 1831இல் லூயி அகாசி இதற்குப் பெயர் வைத்தபோது கடல் மீன் என்று நினைத்துத்தான் வைத்தார். வாலடியில் ஆரஞ்சு வளையம் போட்ட கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும், இன்னொரு கண் மாதிரி. குட்டியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக இருப்பது, மாதத்துக்கு ஒரு அங்குலம் என்று வளர்ந்து, ஒரு வருடத்தில் ஆளே மாறிவிடும். இதற்கு மனநிலை என்று ஒன்று உண்டு. தண்ணீர் மாற்றினால் கோபித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். புதிதாக வாங்கியவர் செத்துவிட்டது என்று பயந்து கடைக்கு போன் போடுவார், அதற்குள் அது எழுந்து தீனி கேட்கும். கல்லைப் புரட்டும், செடியைப் பிடுங்கும், ஹீட்டர் வைத்திருந்தால் அதையும் முட்டும். அலங்காரம் செய்து பார்க்க வேண்டும் என்கிற ஆசை இருந்தால் ஆஸ்கர் வேண்டாம், மணலும் இரண்டு பெரிய கட்டையும் மட்டும் போட்டுவிட்டு அதன்பாட்டுக்கு விடுங்கள்.

ஃப்ளவர்ஹார்ன் இயற்கையில் கிடையாது. 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து உருவாக்கியது. தலையில் மேடு, பக்கவாட்டில் எழுத்து மாதிரி கறுப்புத் திட்டுகள். மேடு பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம் என்று விலையும் ஏறும். குட்டியில் மேடு எவ்வளவு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, அதனால் மேட்டுக்காகக் குட்டிக்கு அதிக விலை கொடுப்பது சூதாட்டம். இது தனிக்கட்டை. இன்னொரு மீனைக் கூட வைத்தால் அடித்தே கொன்றுவிடும், தொட்டிக்குள் கை விட்டால் கையையும் கடிக்கும். ஒரே மீன், வெறும் தொட்டி, ஆனால் அந்த ஒரே மீன் வீட்டில் ஆள் நடமாட்டத்தை எல்லாம் கண்ணாடியோடு தொடர்ந்துவரும்.

சென்னைக்காரர்கள் இந்த இரண்டில் ஒன்றை எடுக்கும்போது யோசிக்காத விஷயம் தண்ணீரின் கடினத்தன்மை. ஆஸ்கரின் சொந்த ஊர்த் தண்ணீர் மென்மையானது, லேசான அமிலத்தன்மை உள்ளது. ஃப்ளவர்ஹார்னின் மூதாதையர் வாழ்ந்தது கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு (டிடிஎஸ்) ஆயிரத்தைத் தாண்டி, குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் பூக்கும் வீடுகளில் ஃப்ளவர்ஹார்ன் அப்படியே பொருந்திவிடும். பண்ணையில் பிறந்த ஆஸ்கரும் பழகிக்கொள்ளும், ஆனால் மெட்ரோ தண்ணீர் வரும் வீட்டில்தான் அதன் நிறம் தெரியும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் போடாமல் ஊற்றக் கூடாது. குளோரின் செவுளையும் எரிக்கும், ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும்.

மின்வெட்டில் ஆஸ்கர் ஜெயிக்கும். ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரைத் தாங்குவதில் அது பேர்போன மீன். அதன் பலவீனம் தலையில் வரும் ஓட்டை நோய். கண்ணுக்கு மேலே ஊசி குத்தியது போலச் சின்னக் குழிகள் வந்து, பார்க்காமல் விட்டால் பெரிதாகும். பழைய தண்ணீரும் ஒரே வகைத் தீனியும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் வரும். மருந்துக்கு ஓடுவதற்கு முன் அந்த ஒன்பது குடத்தை ஒழுங்காக மாற்றிப் பாருங்கள்.

450 லிட்டரில் ஒரு ஆஸ்கர் சௌகரியமாக இருக்கும், இரண்டு இருக்கலாம். இரண்டு வைப்பதானால் குட்டியிலேயே சேர்த்து வாங்குங்கள். பெரிதான ஒன்றோடு புதிதாக ஒன்றை விடுவது சண்டையை விலைக்கு வாங்குவது.

கடைக்காரர் காட்டாத மீன்கள்

வேட்டை மீன் வேண்டும் என்று அமேசான் வரை போகிறவர்கள் விராலை மறந்துவிடுகிறார்கள். பாம்புத்தலை, ஆடாமல் நின்று கண் சிமிட்டும் நேரத்தில் பாய்கிற வேட்டை, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு காவல் காக்கும் பெற்றோர், எல்லாமே இதில் இருக்கிறது. குளத்தோரம் வளர்ந்தவர்கள் செம்மண் நிறத்தில் கொத்தாக மேலே வந்து போகும் விரால் குஞ்சுகளைப் பார்த்திருப்பார்கள். உலகம் முழுவதும் சன்னா எனப்படும் விரால் வகை இனங்களுக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது, அதில் பல மீன்கள் இந்தியாவிலிருந்து போனவை.

எது எந்த அளவு என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். அவுரி விரால் மூன்றடியைத் தாண்டும், அது வேண்டாம். சாதா விரால் இரண்டு அடி வரும், 6 அடித் தொட்டிக்கு ஒன்று. குறவை அரை அடி முதல் முக்கால் அடி வரைதான் வழக்கமாக வரும், 4 அடித் தொட்டியில் தாராளமாக இருக்கும். வடகிழக்கு மாநிலங்களின் சின்ன சன்னா இனங்கள் அழகில் இன்னும் மேலே, ஆனால் அங்கே குளிர் காலம் உண்டு, நம் மே மாதம் அவற்றுக்கு ஆகாது.

மின்வெட்டுக்கு இவற்றைவிடப் பொருத்தமான மீன் இல்லை. தலைக்குள் காற்றறை இருக்கிறது, மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். அதற்கு மறுபக்கம், மேலே வர வழியில்லை என்றால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் காற்று இருக்க வேண்டும், அதே சமயம் மூடி கெட்டியாக இருக்க வேண்டும், ஏனென்றால் இதுவும் குதிக்கும். மார்க்கெட்டில் உயிரோடு விற்கும் விராலை வாங்கி விடலாமா என்று கேட்பார்கள். அது வலையிலும் தட்டிலும் அடிபட்டு, செதில் உரிந்து வந்திருக்கும், புண் பூஞ்சையாகும். குஞ்சு வளர்க்கும் பண்ணையில் வாங்குவது மேல். முதல் மாதம் ஒளிந்தே கிடக்கும், மிதக்கும் கட்டையும் கொஞ்சம் ஆகாயத்தாமரையும் போட்டால் தைரியம் வரும்.

சொட்டை வாளையும் கவனிக்கத் தகுந்தது. தட்டையான வெள்ளி உடல், அடிவயிறு முழுக்க ஒரே நீளத் துடுப்பு, அதை அலையாக்கி முன்னாலும் பின்னாலும் ஒரே லாவகத்தில் நீந்தும். அரோவானாவோடு ஒரே வரிசையைச் சேர்ந்த மீன் என்பது பலருக்குத் தெரியாது, தூரத்து உறவு. ராத்திரி நடமாட்டம், பகலில் குழாய்க்குள் இருக்கும். பகலிலும் மீன் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

வெளிநாட்டு மீன்தான் வேண்டும், ஆனால் இடம் கம்மி என்றால் செனகல் பிச்சிர். ஆப்பிரிக்க இனம், முதுகில் ரம்பம் மாதிரி துடுப்புகள், நுரையீரலால் மூச்சு விடும், ஒரு அடியோடு நின்றுவிடும். அலிகேட்டர் காரில் எந்தப் பழங்கால அழகைத் தேடுகிறார்களோ அது இதில் கிடைக்கும். பல்லி போல் எந்த ஓட்டையிலும் நுழைந்து வெளியே போய்விடும் என்பது ஒன்றுதான் குறை.

தீனி

வேட்டை மீன் என்றாலே உயிர் மீனைப் பிடித்துப் போட வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறது. வீடியோ எடுக்க நன்றாக இருக்கும். தீனிக்கென்று விற்கும் சின்ன மீன்கள் நெரிசல் தொட்டியில் நோயோடு இருப்பவை, ஒரு பாக்கெட்டில் ஒட்டுண்ணியையும் சேர்த்து வாங்கி வருகிறோம். தங்கமீனிலும் நெத்திலியிலும் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி வேறு இருக்கிறது, அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் மீன் நரம்பு தளர்ந்து தள்ளாடும். கோழி ஈரல், ஆட்டு இதயம் எல்லாம் மீனுக்குச் செரிக்காத கொழுப்பு.

தோலுரித்த இறால், ஜிலேபி மீன் துண்டு, நல்ல பெல்லட் (கடையில் விற்கும் உருண்டைத் தீனி), இந்த மூன்றைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தால் போதும். ஆஸ்கரும் ஃப்ளவர்ஹார்னும் வந்த அன்றே பெல்லட் தின்னும், மாதச் செலவு குறைவு. அரோவானாவைப் பழக்கக் கொஞ்சம் பட்டினி போட வேண்டும், மிதக்கும் பெல்லட்டை ஏற்க வாரக்கணக்கு ஆகலாம். விரால் அசைவதைத்தான் நம்பும். இடுக்கியில் இறாலைப் பிடித்து ஆட்டிக் காட்டினால் பாய்ந்து வாங்கிக்கொள்ளும், விரலைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி தாராளம்.

என் கணக்கில்

வாடகை வீடு, மாடி, 4 அடித் தொட்டிக்குத்தான் இடம் என்றால்: மெட்ரோ தண்ணீர் வந்தால் ஒரு ஆஸ்கர், உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் ஒரு ஃப்ளவர்ஹார்ன். கரண்ட் அடிக்கடி போகும் ஊர், இன்வெர்ட்டர் இல்லை என்றால் குறவை அல்லது பிச்சிர், யோசிக்கவே வேண்டாம். சொந்த வீடு, தரைத்தளம், 6 அடிக்கு இரண்டரை அடித் தொட்டி, வாரம் பதினேழு குடம் மாற்றப் பொறுமை என்றால் வெள்ளி அரோவானா எடுக்கலாம். அதே தொட்டியில் நான் விராலைத்தான் விடுவேன், அது என் சாய்வு. அரோவானாவோடு ஆஸ்கரைச் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. 6 அடியில் அது நெருக்கம்தான், ஆஸ்கர் முரடாக அமைந்தால் அரோவானாவின் துடுப்பு கந்தலாகும்.

எதை எடுத்தாலும் தொட்டியை முதலில் வாங்குங்கள், மீனை ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்து வாங்குங்கள். அதுவரை வெறும் தண்ணீரில் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் இரண்டு பெல்லட்டோ ஒரு இறால் துண்டோ போட்டு பாக்டீரியாவை வளருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனைக் கருவியில் பூஜ்யம் காட்டிய பிறகு கடைக்குப் போகலாம்.